மாறுதலா, பதவி உயர்வா?

கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டால், அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பேச்செல்லாம் ஊர்ப் பெயர்களைச் சுற்றியே ஓடும்: எங்கே காலியிடம், பஸ் வசதி எப்படி. ஆனால் வேறு பள்ளிக்குப் போக வழி இரண்டு: ஒன்று, அதே பணியில் மாறுதல், மற்றொன்று, பதவி உயர்வு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊரையோ பதவியின் பெயரையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. இப்போதைய பணியில் எத்தனை ஆண்டு முடிந்திருக்கிறது, ஓய்வுக்கு எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது என்ற கணக்கே முடிவு சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. முதல் படியில் இடைவெளி 15,800 ரூபாய். அடுத்த படியில் வெறும் 500. அடிப்படை ஊதியம் இன்னும் 36,400-ஐ எட்டாத இடைநிலை ஆசிரியர், ஊர் சற்றுத் தள்ளியிருந்தாலும் பதவி உயர்வை ஏற்பதே லாபம். பட்டதாரி ஆசிரியர் முதுகலைக்குப் போவதற்குப் பணம் காரணமாகாது; பிளஸ் டூ வகுப்பில் தன் பாடத்தை ஆழமாக நடத்தும் ஆசைதான் காரணமாக இருக்க முடியும். ஒரே பணியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை. பதவி மாறினால் இந்த ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒன்பதாம் ஆண்டில் இருப்பவர் அவசரப்படாமல், இரண்டு வழியிலும் வரக்கூடிய ஊதியத்தைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மாறுதலில் போனால் சீனியாரிட்டி அடிபடும் என்பார்கள். தொடக்கக் கல்வித் துறையில் ஒன்றிய அளவிலான முன்னுரிமை இருந்தவரை அது நியாயமான அச்சம். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. இப்போது யோசிக்க வேண்டியது வேறு: பதவி உயர்வு தொலைதூர மாவட்டத்துக்கும் அனுப்பலாம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைத்தால் போதும் என்பது இன்னொரு வாதம். குடும்பச் சூழல் அப்படி இருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்துவிட வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர். 61 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை டி.சி. வாங்கினாலே மூன்றாவது இடம் உபரி. பணி நிரவலில் மறுபடியும் மூட்டை கட்ட நேரலாம்.

ஆசிரியர் தகுதித் தேர்வையும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் அந்தத் தேர்வில் தேறாமலே பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. அவர்களுக்கு மாறுதல் ஒன்றே வழி. நீண்ட பணிக்காலம் மிச்சமுள்ளவர்கள் முதலில் தகுதித் தேர்வை முடியுங்கள். ஊரை அதன்பின் தேடிக்கொள்ளலாம்.