நின்னு போன கம்ப்யூட்டரை நிதானமாய்ப் பார்ப்போம்

மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



கம்ப்யூட்டர் இல்லாத வீடே இல்லை என்று நம் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வருடா வருடம் யாராவது ஒருவர் முழங்குகிறார். எங்கள் தெருவில் நாற்பது வீடு. கம்ப்யூட்டர் இருப்பது இரண்டே வீட்டில். இரண்டும் ஹேங் ஆகிற கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், தெருவில் எந்தப் பெட்டி நின்றாலும் "அந்தத் தறிக்காரர் பையனைக் கூப்பிடு, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான்" என்றுதான் சொல்வார்கள். அப்படிப் போய்ப் பார்த்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஹேங் ஆகிற கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "ஃபார்மட் பண்ணிடலாம்." அப்புறமும் நின்றால், "மதர்போர்டு போயிருச்சு." இது எப்படி இருக்கிறதென்றால், காய்ச்சல் என்று போனவனுக்கு மொட்டை அடித்து அனுப்பி, மறுபடி வந்தால் தலையையே மாற்றச் சொல்வது போல இருக்கிறது. ஃபார்மட் செய்தால் சரியாகிற கோளாறுகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எதனால் நின்றது என்று தெரியுமுன் ஃபார்மட் செய்தால் இரண்டு நஷ்டம். வீட்டுக்காரரின் கோப்புகள் போகும். கோளாறு விட்டுச் சென்ற தடயமும் சேர்ந்து போகும்.

எப்படி நின்றது?

எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஒரு முள் அதில் உண்டு. கரண்ட் போனாலும் தறி நிற்கும், பெல்ட் நழுவினாலும் நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் அப்பா, "நின்ன ஒடனே மோட்டாரத் தொடாதடா, எப்படி நின்னுச்சுன்னு பாரு" என்பார். கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான்.

முதலில் மவுஸை அசைத்துப் பாருங்கள். அம்புக்குறி நகர்கிறது, ஒரு புரோகிராம் மட்டும் வெளுத்துப் போய் நிற்கிறது என்றால், நின்றது கம்ப்யூட்டர் அல்ல, அந்தப் புரோகிராம்தான். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் அதை மட்டும் முடித்துவிடலாம். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-இல் இந்த வசதி அவ்வளவாக நடக்காது. அதில் ஒரு புரோகிராம் தானாக விட்டுக் கொடுத்தால்தான் அடுத்த புரோகிராமுக்கு முறை வரும். குழாயடியில் முதல் ஆள் குடத்தை எடுக்காமல் நின்றால் வரிசை முழுவதும் நிற்கும் அல்லவா, அதுபோல. 1995-ல் வந்த விண்டோஸ் 95 முதல், 32-பிட் புரோகிராம்களைப் பொறுத்தவரை, நேரம் முடிந்ததும் குடத்தைப் பிடுங்கிவிடுகிற அதிகாரம் விண்டோஸுக்கு வந்தது.

மவுஸும் நகரவில்லையா? கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். கீபோர்டில் உள்ள சின்ன விளக்கு எரிந்து அணைகிறது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. இரண்டு நிமிடம் பொறுக்கலாம். சாதாரண ஒயர் கீபோர்டில் அந்த விளக்கை ஏற்றச் சொல்வது விண்டோஸ்தான். விளக்கு அசையவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் "ர்ர்ர்ர்" என்று ஒரே இடத்தில் இழுக்கிறது என்றால் முழுதாக நின்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்குக் காரணம், சவுண்டு சிப் தன்னிடம் கடைசியாக வந்த துண்டு ஒலியையே திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். புதுத் துண்டு கொடுக்கப் பிராசசர் வரவில்லை.

தானாக அணைந்து விடுவதும், நீலத்திரை வருவதும் ஹேங் அல்ல. அவை வேறு நோய். நீலத்திரையில் வரும் குறியீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

நின்றது திரும்பி வருகிறதா?

அடுத்து கேட்க வேண்டிய கேள்வி இது. அரை நிமிடம் அப்படியே உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடினால் என் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான் போகும். டிஸ்கில் ஒரு இடம் கெட்டுப்போனால் அது உடனே கையை விரிப்பதில்லை. அதே இடத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். அதுவரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும், ஆனால் வேகமோ சொற்பமாக இருக்கும். டிஸ்கின் 'ஸ்மார்ட்' பதிவைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் 5-ஆம் எண் (கெட்டதால் மாற்றிக் கொடுக்கப்பட்ட இடங்கள்), 197-ஆம் எண் (படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள்) இரண்டையும் பாருங்கள். வாரா வாரம் அவை ஏறினால் அந்த டிஸ்கை நம்பக் கூடாது. ரிப்பேர் எல்லாம் அப்புறம். முதல் வேலை கோப்புகளை வேறு இடத்துக்கு எடுப்பதுதான். சாகப் போகிற டிஸ்கை ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் கடைசி முறையாக இருக்கலாம்.

ரேம் போதாவிட்டாலும் இதே மாதிரித்தான் தெரியும். இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்கையே ரேம் போலப் பயன்படுத்தும். ஆனால் இதில் 197-ஆம் எண் ஏறாது. அதிகம் திறந்த ஜன்னல்களை மூடினால் சரியாகிவிடும்.

திரும்பி வராமலே நின்றால் சூடு, ரேம், கரண்ட், டிரைவர் என்று நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

சூட்டைக் கண்டுபிடிப்பது எளிது. காலையில் போட்டதும் ஓடும், பதினைந்து இருபது நிமிடத்தில் நிற்கும், அணைத்து ஆற விட்டால் மறுபடி ஓடும். இக்காலப் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நிற்பதற்கு முன் மெதுவாவதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பஞ்சுத் தூசி அதிகம். ஹீட் சிங்கில் அது கம்பளி மாதிரி படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை விட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டபின் மெல்லிய பிரஷால் துடையுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலுள்ள தெர்மல் பேஸ்ட் இந்நேரம் காய்ந்து சுண்ணாம்பாகி இருக்கும்.

ரேம் என்பது ஓட்டைக் குடங்களின் வரிசை. ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அதிலுள்ள சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். டி.டி.ஆர் வகை ரேம்களில் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாக் குடங்களையும் ஒரு சுற்று நிரப்பியாக வேண்டும். ஒரு குடம் மற்றதை விடச் சீக்கிரம் காலியானால், எழுதி வைத்த 1 திரும்ப எடுக்கும்போது 0 ஆக வரும். அது ஒரு படத்தின் நடுவில் நடந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. விண்டோஸின் உள்கட்டளையில் நடந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவேதான் ரேம் கோளாறு ஒருநாள் மாதிரி மறுநாள் இருக்காது. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இன்னும் கறாரான சோதனைக்கு மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றொன்றாக மாட்டிப் பாருங்கள்.

அக்கா வைத்த நோட்டு

கரண்ட் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறார். கடன் வாங்கி வாங்கிய பழைய டெஸ்க்டாப். ஒருமுறை கடையில் ஃபார்மட் செய்து, ஒரு சீசனில் சேர்த்த டிசைன் முழுவதும் போய்விட்டது. அப்புறமும் ஹேங். இப்போது மதர்போர்டுக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். "தை பொறந்தா பத்திரிகை வரும், அதுக்குள்ள சரி பண்ணலீன்னா வந்த பார்ட்டியெல்லாம் டவுனுக்குப் போயிருவாங்க தம்பி" என்றார்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, நிற்கும்போதெல்லாம் மணி என்ன, என்ன வேலை நடந்தது, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா என்று எழுதச் சொன்னேன். பத்து நாளில் பதினோரு முறை நின்றிருந்தது. ஒன்பது முறை மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில். காலையில் ஒருமுறை கூட இல்லை.

ஆனால் அக்கா காலையில் டைப்பிங் மட்டும் செய்வார், டிசைன் வேலை மாலையில்தான். அப்படியானால் குற்றவாளி மாலை நேரமா, டிசைன் சாப்ட்வேரா? இங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். வேலையை மட்டும் மாற்றிப் போட்டோம். மூன்று நாள் காலையில் டிசைன், மாலையில் டைப்பிங். காலையில் எவ்வளவு பெரிய டிசைன் திறந்தும் நிற்கவில்லை. மாலையில் வெறும் டைப்பிங்கிலேயே இரண்டு முறை நின்றது. பயாஸில் பார்த்த பிராசசர் சூடு 61 டிகிரிதான். சாப்ட்வேரும் சூடும் விடுதலை.

சுவர் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்ததில் காலை 228 வோல்ட், இரவு ஏழு மணிக்கு 176. ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கான வடிவமைப்பு வழிகாட்டி, 230 வோல்ட் வகையில் 180 முதல் 265 வரை தாங்கவேண்டும் என்கிறது. உள்ளே மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடக் குறையலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. காலையில் 12.05 காட்டியது, மாலையில் 11.2-க்கு இறங்கியது. சிவப்பு ஒயரில் 5 வோல்ட், அது 4.75-க்குக் கீழே போகக் கூடாது.

மீட்டரில் சரியாக இருந்தாலே எஸ்.எம்.பி.எஸ் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. மீட்டர் காட்டுவது சராசரி. டி.சி.யின் மேலே ஏறி வரும் சிற்றலை, அதாவது ரிப்பிள், 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அதைப் பார்க்க நம் லேபில் உள்ள சி.ஆர்.ஓ வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குச் சுலபமான வழி, நல்லதென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. நண்பன் ஒருவனிடம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியது ஒன்று இருந்தது. மாட்டிய பின் எட்டு மாலையும் நிற்கவில்லை. அப்புறம் அக்கா அதே மாதிரி ஒன்று வாங்கினார், இரண்டாயிரத்துச் சொச்சம். மதர்போர்டு இன்றும் பழையதே ஓடுகிறது.

பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை எங்கள் லேப் சார் முன்னிலையில்தான் திறந்தோம். இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி, அடியில் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. நண்பர்களே, வீட்டில் யாரும் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறக்க வேண்டாம். 230-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள், 325 வரும். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் நிற்பது ஏறக்குறைய அவ்வளவு டி.சி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

மென்பொருள் பக்கம்

சேஃப் மோடில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் நிற்காமல் சாதாரணமாகப் போட்டால் நின்றால், டிரைவரோ சமீபத்தில் சேர்த்த புரோகிராமோ காரணமாக இருக்கும். கடைசியாகப் போட்டதை முதலில் எடுங்கள். ஈவென்ட் வியூவரில் சிவப்பாக 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதைக் காட்டி "பவர் சப்ளை போச்சு" என்று சிலர் சொல்வதுண்டு. முறைப்படி அணையாமல் மறுபடி தொடங்கினாலே அது பதிவாகும். ஹேங் ஆனபோது நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்தாலும் பதிவாகும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்ததைச் சொல்லி, "அதனாலதான் ஹேங் ஆகுது" என்பவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காகப் புதியதுக்கு மாறுவது நல்லது, ஆனால் ஆதரவு முடிந்ததனால் ஒரு பெட்டி நிற்காது.

சொல்லாமல் விட மனம் வராத ஒன்று. விண்டோஸ் 95, 98 இரண்டும் விடாமல் 49.7 நாள் ஓடினால் நின்றுவிடும். மில்லி செகண்டை எண்ணும் 32-பிட் எண் 4,294,967,296-ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யமாகிவிடும். அதைக் கணக்குப் போட்டால் 49 நாளும் 17 மணியும் சொச்சமும் வரும். 1999-ல்தான் அதற்குத் திருத்தம் வெளியானது. அவ்வளவு நாள் ஹேங் ஆகாமல் அந்தப் பெட்டிகள் ஓடியிருந்தால்தானே யாராவது கண்டுபிடிக்க!

கடைக்குப் போக வேண்டி வந்தால் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கோப்புகளை வீட்டிலேயே பிரதி எடுத்துவிடுங்கள். "மதர்போர்டு போச்சு" என்றால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு வாங்கி வாருங்கள். நம் துறை லேபில் மீட்டரும் சி.ஆர்.ஓவும் இருக்கின்றன.