ரேஞ்ச்ஃபைண்டரா, எஸ்எல்ஆரா? காசைக் குடுக்க முன்னம் ஒரு பாடம்

இந்தக் கிழமை எபிசோட்டில கமரா பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் விட்டதை இங்க எழுதுறன். கேள்வி இதுதான்: சேர்த்து வச்ச காசில டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிறதா, எஸ்எல்ஆர் வாங்கிறதா?

முதலில என்ர பிழையைச் சொல்லிவிடுறன். சில வருசத்துக்கு முன்னம் ஸ்காபரோவில மச்சாளின்ர அரங்கேற்றம். நண்பனிட்ட ஒரு ரேஞ்ச்ஃபைண்டரை இரவல் வாங்கிக்கொண்டு போனன். அசையாமல் நிண்ட இடங்களெல்லாம் வடிவா வந்தது. தில்லானாவில எடுத்ததில முக்கால்வாசி மங்கல். "தில்லானாவில ஒண்டும் இல்லையோ தம்பி?" எண்டு மாமி கேட்டா. என்னட்டப் பதில் இல்லை. அரங்கேற்றம் இன்னொருக்கால் நடக்காது.

ஏன் அப்படி ஆனது எண்டு விளங்கினால் எதை வாங்கிறது எண்டதும் விளங்கும்.

ரெண்டும் வேலை செய்யிற விதம்

ரேஞ்ச்ஃபைண்டரில நீங்கள் லென்சுக்குள்ளால பார்க்கிறதில்லை. பக்கத்தில இருக்கிற ஒரு ஜன்னலால பார்க்கிறீங்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். ரெண்டிலயும் வாற உருவங்கள் நடுவில ஒண்டுக்கு மேல ஒண்டு தெரியும். லென்ஸைத் திருப்பி ரெண்டையும் பொருத்தினால் ஃபோக்கஸ் சரி. எங்கட ரெண்டு கண்ணும் தூரத்தைக் கணிக்கிற அதே முக்கோணக் கணக்குத்தான். ஆனால் பொருத்திற வேலை உங்கட கைக்கு.

எஸ்எல்ஆரில லென்ஸால வாற வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேல திருப்பி உங்கட கண்ணுக்கு அனுப்புது. ஒரு பங்கு கீழ இருக்கிற ஃபோக்கஸ் சென்சருக்குப் போகுது. ஆள் அசைய அசைய கமராவே லென்ஸைத் திருப்பும். 2014ல வந்த நிக்கன் டி750ல அப்படி 51 ஃபோக்கஸ் புள்ளி இருக்கு, செக்கனுக்கு 6.5 படம் எடுக்கும்.

இப்ப என்ர பிழைக்கு வருவம். 75 மி.மீ. லென்ஸ், எஃப் 2, ஆடுறவ 6 மீட்டர் தூரத்தில. கணக்குப் போட்டால் கூர்மையா விழுற ஆழம் ஏறக்குறைய முக்கால் மீட்டர். முன்னுக்கு ஒரு எட்டு வச்சால் அவ அதுக்கு வெளியில. என்ர கை அந்த வேகத்துக்கு ஓடேல்லை. கமராவில குறை இல்லை. வேலைக்குப் பொருந்தாத கமராவை நான் கொண்டுபோனன்.

ரேஞ்ச்ஃபைண்டர் வெல்லுற இடம்

தெருவில கதை வேற. சட்டத்துக்கு வெளியில இருந்து ஆர் உள்ளுக்கு வருகினம் எண்டு முன்னமே தெரியும். கண்ணாடி எழும்பிறதில்லை, அதால படம் விழுற கணத்திலயும் பார்வை இருட்டாகாது, சத்தமும் குறைவு. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8ல, 3 மீட்டரில வச்சுவிட்டால் ஏறக்குறைய 2 தொடக்கம் 7 மீட்டர் வரைக்கும் கூர்மை. பிறகு ஃபோக்கஸைத் தொடவே தேவையில்லை. மார்க்கம் வீதியில தெருவிழா நாளில நடந்து திரிய இது நல்ல கருவி.

எங்கட ஊருக்கும் இதில பங்கு இருக்கு. ரொறன்ரோவுக்கு வடக்க ரெண்டு மணித்தியால ஓட்டத்தில இருக்கிற மிட்லண்டில லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம் 1952ல வேலை தொடங்கினது. 1970களின்ர கடைசியில எம்4-2 கமரா அங்கதான் செய்யப்பட்டது. வால்டர் மண்ட்லர் எண்ட வடிவமைப்பாளர் அங்க இருந்து உருவாக்கின லென்ஸ்கள் இண்டைக்கும் புது எம் கமராவில பொருந்தும். எம் மவுண்ட் 1954ல வந்தது. லென்ஸ் விலை இறங்காமல் நிக்கிறதுக்கு அது ஒரு காரணம்.

காசுக் கணக்கு

லைக்கா எம்11, 2022ல வந்தபோது 8,995 அமெரிக்க டொலர். டி750, 2014ல ஏறக்குறைய 2,300. ரெண்டும் லென்ஸ் இல்லாத விலை. புது லைக்கா லென்ஸ் ஒண்டுக்கே ஆயிரக்கணக்கில போகும். நிக்கன் 50 மி.மீ. எஃப் 1.8 சில நூறுக்குள்ள முடியும். நிக்கனும் கனனும் மிரர்லெஸ் பக்கம் போனதால பாவிச்ச எஸ்எல்ஆர் இப்ப இன்னும் மலிவு.

மலிவான பழைய ரேஞ்ச்ஃபைண்டர் எண்டு ஆரும் காட்டினால் ரெண்டு விசயம் பாருங்கோ. 2006ல வந்த எம்8ல கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாத் தெரியும். லென்சுக்குத் தனிப் பில்டர் வேணும். 2009ல வந்த எம்9ல சென்சருக்கு மேல இருக்கிற கண்ணாடி அரிக்கிற பிரச்சினை இருந்தது. சென்சர் மாத்தினதோ எண்டு கேளுங்கோ. பாவிச்ச எஸ்எல்ஆர் எண்டால் ஷட்டர் எத்தனை தரம் அடிச்சது எண்டு கேளுங்கோ.

என்ர முடிவு

கலியாணம், அரங்கேற்றம், தங்கச்சியின்ர ஹொக்கி: திரும்ப வராத, ஓடுற விசயமெல்லாம் எஸ்எல்ஆருக்கு. முதல் கமரா எண்டால் அதுவே போதும். ஆறுதலா நடந்து, ஒரே லென்ஸோட ஒரு வருசம் பழக விருப்பம் எண்டால் ரேஞ்ச்ஃபைண்டர். ஆனால் அது ரெண்டாவது கமராவா இருக்கட்டும்.

வாங்க முன்னம் ஒரு வீட்டுப்பாடம். ஒரு சனி ஞாயிறுக்கு ரெண்டையும் வாடகைக்கு எடுங்கோ. வீட்டில ஒராளை உங்களை நோக்கி வேகமா நடந்து வரச் சொல்லிப் பத்துப் படம் எடுங்கோ. கண் கூர்மையா இருக்கிற படங்களை எண்ணுங்கோ. அந்த எண்ணிக்கை சொல்லுறதைக் கேளுங்கோ, கமராவின்ர வடிவு சொல்லுறதை இல்லை.

மச்சாளின்ர தங்கச்சிக்கு இனி அரங்கேற்றம் வருது. நான் எஸ்எல்ஆரோட போறன். மாமிக்குச் சொல்லியாச்சு.

அடுத்த கிழமை சந்திப்பம்.