நின்று நின்று ஓடும் வைப்பர்

வைப்பர் அடியோடு செத்துவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. ஒரு மழைக்கு ஓடி, அடுத்த மழைக்கு முரண்டுபிடித்து, பட்டறை வாசலில் நிறுத்தியதும் நல்லபிள்ளையாக வீசத் தொடங்கும் வைப்பர்தான் ஆளைச் சோதிக்கும். பழைய பிக்கப் வண்டியில் இந்தத் தொல்லை வந்தால் எல்லோர் வாயிலும் வரும் முதல் யோசனை, மோட்டாரை மாற்று என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையிலேயே கெட்டுப்போன பாகம் கெட்டேதான் கிடக்கும். தட்டினாலும் குலுக்கினாலும் எழுந்து உட்காராது. வந்து வந்து போகும் கோளாறு அநேகமாக எப்போதும் இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது: ஒரு சாலிடர் புள்ளி, ஒரு கனெக்டர் ஊசி, ஓர் எர்த் போல்ட், ஒரு சுவிட்சின் தொடுமுனை. அந்த இடம் எது என்று தெரியாமல் பணத்தை எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இதற்கு நல்ல சாட்சி, 1990களில் அமெரிக்காவில் ஓடிய செவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகள். அவற்றில் வைப்பர் மோட்டாரின் மேல்மூடிக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும். லீவரிலிருந்து வரும் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டுவது அந்தப் போர்டு. கனெக்டரின் ஊசிகள் போர்டில் நேராகச் சாலிடர் செய்யப்பட்டவை. எஞ்சின் சூடும் சாலைக் குலுக்கலும் ஆண்டுக்கணக்கில் அந்தப் புள்ளிகளின்மேல் இறங்குகின்றன. கடைசியில் ஊசியைச் சுற்றி மயிரிழை அகலத்தில் வட்ட விரிசல் விழுகிறது. விரிசல் சேர்ந்திருக்கும்போது வைப்பர் ஓடும், விலகினால் நிற்கும். சில வண்டிகளில் யாரும் போடாமலே வைப்பர் வீசும், சிலவற்றில் கண்ணாடியின் நடுவில் நின்றுவிடும், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் மறுபடி உயிர் வரும். இந்த விரிசலுக்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே பல மாடல்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. மோட்டார் என்ற இயந்திரம் இந்தக் கதையில் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் முழு மோட்டாரையும் மாற்றியவர்கள் ஏராளம்.

மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறதே, அப்படியானால் கோளாறு மோட்டாரில்தானே என்று கேட்பார்கள். தட்டு நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த வட்டாரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. தேய்ந்த கார்பன் பிரஷ் அசைந்திருக்கலாம், போர்டின் விரிசல் சேர்ந்திருக்கலாம், மூடியில் செருகிய கனெக்டர் நகர்ந்திருக்கலாம், மோட்டாரைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த போல்ட் வழியே எர்த் கிடைத்திருக்கலாம். இவற்றைப் பிரிக்கத் தட்டு உதவாது. எது எதெல்லாம் சேர்ந்து நிற்கிறது என்று கவனிப்பது உதவும். சாதாரண வைப்பர் மோட்டாரில் மூன்று பிரஷ்கள்: பொதுவானது ஒன்று, மெதுவான வேகத்துக்கு ஒன்று, சற்றுத் தள்ளி அமைந்த வேகமானது ஒன்று. மெதுவான வேகம் மட்டும் விட்டுப்போய் வேகமானது ஒழுங்காக ஓடினால் எர்த்தையும் பியூஸையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் அவை பொது. இரண்டு வேகமும் ஒன்றாகச் சாய்ந்தால் பொதுவான இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இடைவெளி விட்டு வீசும் நிலையில் மட்டும் கோளாறு என்றால் எல்லோரும் டைமர்மேல் பழி போடுவார்கள். மின்தேக்கி மெல்ல நிரம்பி ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கும் அந்த ஏற்பாட்டை ராபர்ட் கேர்ன்ஸ் 1960களில் வடிவமைத்து, பிறகு அதற்காக ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களோடு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியது தனிக்கதை. அசையும் பாகம் இல்லாத அந்தச் சுற்று எளிதில் சாவதில்லை. இடைவெளி நிலையில் டைமர் மோட்டாரை ஒரு தள்ளு மட்டும் தள்ளுகிறது. மீதிச் சுற்றை முடித்து வைப்பரைக் கீழே கொண்டுவந்து நிறுத்துவது மோட்டாரின் கியர் பெட்டிக்குள் உள்ள பார்க் சுவிட்ச். அதன் தொடுமுனையில் அழுக்கு ஏறியிருந்தால் தள்ளு முடிந்த இடத்திலேயே வைப்பர் நின்றுவிடும். ஆகவே மெதுவாகவும் வேகமாகவும் ஒழுங்காக ஓடி, இடைவெளி நிலையிலும் அணைக்கும்போதும் மட்டும் நடுவழியில் நிற்கும் வைப்பரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பார்க் சுவிட்சைத்தான்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. வைப்பர் நன்றாக ஓடும்போது மீட்டர் வைப்பது, காய்ச்சல் இறங்கிய பிறகு தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. வைப்பர் நின்ற கணத்தில், லீவர் போட்டபடி இருக்க, எதையும் கழற்றாமல் கனெக்டரின் பின்பக்கமாக ஊசி விட்டு அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பக்கத்துத் தகரத்தில் வைக்காமல் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள். அப்போதுதான் எர்த்தும் சோதனைக்குள் வரும். மோட்டாரின் உடலில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கனெக்டரில் கிட்டத்தட்ட பேட்டரி அளவு வோல்ட்டும் லீவரின் கட்டளையும் வந்து, உடலில் ஒன்றும் இல்லாமல், அப்படியும் மோட்டார் நின்றால் கோளாறு மூடிக்குள் இருக்கிறது. வோல்ட்டே வரவில்லை என்றால் பியூஸ் பெட்டியையும் லீவரையும் நோக்கித் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கைச் சாய்க்கும் வசதி உள்ள வண்டிகளில் அந்த மடிப்பில் ஓடும் கம்பிகளை மறக்க வேண்டாம்.

மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தேன், பீப் அடித்தது, வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்பது அடுத்த வாதம். அந்த பீப்பை நான் நம்புவதில்லை. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பத்து இழையில் ஒன்று மட்டும் மிச்சமிருக்கும் வயரும் அதற்கு நல்ல வயர்தான். ஓர் இணைப்பில் 0.5 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மீட்டரின் சொந்தக் கம்பிகளே 0.2 ஓம் காட்டும் இடத்தில் இது கண்ணுக்குப் படாது. மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கும்போதோ அந்த ஒரு புள்ளியில் 3 வோல்ட் தொலைகிறது, 18 வாட் சூடு பிறக்கிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அந்தச் சூடு அங்கே வேலை செய்திருக்கிறது என்று பொருள். மோட்டாரைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்றால், அதன் இடத்தில் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். வயர் மெலிந்திருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, மோட்டாரை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்ததே என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. கூலி மிகுந்த ஊரில் தேடும் நேரம் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் மோட்டாரை மாற்றும்போது கனெக்டர் கழன்று மறுபடி செருகப்படுகிறது, அதன் ஊசிகள் உரசிச் சுத்தமாகின்றன, எர்த் போல்ட் இறுகுகிறது. வைப்பர் ஓடத்தான் செய்யும். எதனால் ஓடுகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சில வாரத்தில் பழைய கோளாறு திரும்பி வந்தால் புது மோட்டாரும் மட்டம் என்று திட்டு விழும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கனெக்டரை மட்டும் கழற்றிச் செருகி, சில மழைக்கு ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

என் கட்சிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணாடிக்குக் கீழே இலைச்சருகு அடையும் தொட்டிக்குள், மோட்டாரை வைப்பர் கைகளோடு இணைக்கும் லிங்கேஜின் சுழல்தண்டுகள் துருவேறி இறுகினால், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். தானாக மீளும் பிரேக்கர் உள்ள பழைய வண்டிகளில் அது சூடேறித் துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைக்கும். பார்ப்பவருக்கு இதுவும் இணைப்புக் கோளாறு போலவே தெரியும். ஆனால் இதற்கு ஒரு தாளம் இருக்கிறது: சில நிமிடம் ஓட்டம், சிறிது ஓய்வு, மறுபடி ஓட்டம். பள்ளமும் தட்டும் இதை மாற்றுவதில்லை. லிங்கேஜை மோட்டாரிலிருந்து விடுவித்து வைப்பர் கையைக் கையால் அசைத்தால் விடை கிடைத்துவிடும். பியூஸைப் பிடுங்காமல் அங்கே விரலை விடாதீர்கள்; பார்க் சுவிட்ச் எப்போது மோட்டாரைச் சுழற்றும் என்று சொல்ல முடியாது.

பட்டறையில் கோளாறு வர மறுத்தால் வரவழைக்க வேண்டும். கண்ணாடியை நனைத்துக்கொண்டு (காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல்தான் மிச்சம்) வைப்பரை ஓடவிட்டு, வயர்க்கட்டை ஒவ்வொரு சாணாக ஆட்டுங்கள். மோட்டார் மூடியை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். எந்த இடத்தில் கை படும்போது வைப்பர் தடுமாறுகிறதோ அங்கே நிறுத்தித் தேடலாம். போர்டில்தான் விரிசல் என்று தெரிந்தால் பூதக்கண்ணாடியில் ஊசிகளைப் பார்த்து, பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபிளக்ஸ் தடவிப் புதிதாக வையுங்கள். பழையதன்மேல் பற்றுக்கோலை வைத்து உருக்குவதோடு நிறுத்தினால் அழுக்கும் ஆக்சைடும் உள்ளேயே தங்கும், விரிசலும் திரும்பும். மூடியை மறுபடி பொருத்தும்போது தண்ணீர் புகாமல் இருக்க சிலிக்கான் பூசுவது நல்லதுதான். வினிகர் வாடை அடிக்கும் வகையை மட்டும் வாங்காதீர்கள், இறுகும்போது அது கக்கும் அமிலம் போர்டின் செம்பை அரித்துவிடும்.