வாடகைப் பெட்டியா, சொந்தப் பெட்டியா?

தோட்டம் செய்யும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. நீர் இறைக்கும் மெஷினை மணித்தியால வாடகைக்கு எடுப்பதா, கடன்பட்டாவது ஒன்றை வாங்கிவிடுவதா என்று எத்தனை போகங்களில் யோசித்திருக்கிறோம். அதே கேள்வி இப்போது வீட்டு இணைய இணைப்பின் உருவில் வந்து நிற்கிறது. 2020 இல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. அதன் பின்னர் வைபை என்பதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாமற் போய்விட்டது. ஆனால் இணைப்பு எடுக்கப் போனால் பெட்டிக்கான செலவு முன்னே வந்து நிற்கும்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வீட்டுக் கருவிகளுக்கு விளங்கும்படி மாற்றுவது மோடம். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் மெஷின் போன்றது அது. ரவுட்டரோ வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறுபவர். எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்பதுபோல், எந்தத் தொலைபேசிக்கு எது போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிறது. இன்று பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

இதில் மோடம் பகுதியைத்தான் நாம் கவனிக்கவேண்டும். இணைப்பு செப்புக் கம்பியால் வரலாம், ஒளியிழையால் வரலாம், சிம் அட்டை மூலம் காற்றிலும் வரலாம். ஒன்றுக்குச் செய்த மோடம் மற்றொன்றுக்கு உதவாது.

இதை நாம் ஒரு பிழையால் கற்றுக்கொண்டோம். உறவினர் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு குடும்பம் எம்மிடம் ஆலோசனை கேட்டது. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாத வாடகை வீண் செலவு, வாங்கிவிடுங்கள் என்று சொன்னவர்கள் நாமே. வெங்காயம் விற்ற காசில் தொலைபேசிக் கம்பிக்குரிய பெட்டியை வாங்கினார்கள். ஏழாம் மாதம் அவர்களது சொந்தக் காணி விடுபட்டது. சந்தோசமாகப் போனார்கள். அங்கே தொலைபேசிக் கம்பியே இல்லை. பெட்டி துணியில் சுற்றியபடி கிடந்தது. பிள்ளை பாடங்களைப் பார்க்கச் சந்திக்கடை வரை நடந்தாள். நாம் விலையைக் கணக்குப் பார்த்தோம். அவர்கள் எத்தனை மாதம் அங்கே இருப்பார்கள் என்று கேட்கவில்லை.

ஆகவே கணக்கை இப்படிப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. பெட்டியின் விலை 12,000 ரூபா, வாடகை மாதம் 500 ரூபா என்றால், 12,000 ஐ 500 ஆல் பிரிக்க 24 வரும். 24 மாதம் கடந்தால்தான் வாங்கியவருக்கு இலாபம் தொடங்குகிறது. மூன்று வருடம் இருப்பவர் வாடகையாக 18,000 கட்டுவார். அவர் வாங்கியிருந்தால் 6,000 மிச்சம். எட்டு மாதத்தில் போகிறவர் கட்டுவது 4,000 மட்டுமே. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கலாம்.

ஆனால் எங்கும் கூட வரக்கூடிய பெட்டியானால் கணக்கு மாறும். இடம்பெயர்ந்தபோது மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கிணற்றை எவரும் கொண்டுவரவில்லை. கம்பியையோ ஒளியிழையையோ நம்பிய பெட்டி கிணற்றுப் பக்கம் சேர்ந்தது. சிம் அட்டை போடும் பெட்டி மெஷின் பக்கம். அதிலும் ஒரு விடயம்: சில பெட்டிகள் ஒரே கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். புதிய ஊரில் அந்தக் கம்பனியின் அலை எட்டாவிட்டால் அதுவும் கிணறுதான். பூட்டில்லாததைக் கேட்டு வாங்குங்கள். காணி விடுபடும் என்று காத்திருப்பவர்களுக்கு, சற்று விலை கூடினாலும், இதுவே பொருத்தம் என்பது எமது எண்ணம்.

‘பெட்டி இலவசம்’ என்ற விளம்பரத்தையும் பார்க்கிறோம். பெரும்பாலும் அதற்குள் 12 அல்லது 24 மாத ஒப்பந்தம் இருக்கும். இடையில் விட்டால் மீதிப் பணம் கேட்பார்கள். அது பெயர் மாற்றிய தவணை.

வாடகைக்கும் ஒரு நியாயம் உண்டு. பழுதானால் மாற்றித் தருவது பொதுவாகக் கம்பனியின் பொறுப்பு. ஆனால் மின்னலில் எரிந்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கவேண்டும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்குமுன் மின்சார இணைப்பை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். கம்பி வழியாகவும் மின்னல் வரும். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். எரிந்த பெட்டிக்குப் பதில் வாங்குவது இலேசான செலவல்ல.

வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடுத்த இரண்டு மாத பில்லையும் வரிவரியாகப் பாருங்கள். இது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவில் வாடிக்கையாளர் தமது சொந்தப் பெட்டியைப் பாவித்தபோதும் வாடகை அறவிட்ட கம்பனிகள் இருந்தன. 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம்தான் அதைத் தடுத்தது. அதுவும் 2020 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

பழைய பெட்டியை மலிவாக யாரும் தந்தால், கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ சிம் போட்டு ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.