வாந்தியில் ரத்தம்: தைக்காமல் விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 42. ஒரு விசேஷத்தில் குடித்துவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்தார். கடைசியில் சிவப்பாக ரத்தம் வந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, ‘மல்லரி-வைஸ் கிழிசல்’ என்றார்கள். ஆபரேஷன் இல்லாமலே மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். கிழிந்ததைத் தைக்காமல் விடலாமா?
– எஸ்.கே., கும்பகோணம்

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. தைக்காமல் விட்டது அலட்சியம் இல்லை. அதுதான் சரியான வைத்தியம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்சவ்வு மட்டும் கீறியிருக்கிறது. விடாமல் குமட்டும்போது வயிற்றின் அழுத்தம் சட்டென்று ஏறி அந்த இடம் கீறிக்கொள்ளும். முதல் வாந்தியில் இல்லாத ரத்தம் கடைசியில் வந்தது அதனால்தான். 1929இல் பாஸ்டன் நகரில் மல்லரி, வைஸ் என்ற மருத்துவர்கள் இதை எழுதியதும் குடித்து வாந்தி எடுத்தவர்களைப் பார்த்துத்தான்.

பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ரத்தம் தானாக நிற்கும். கீறலும் சில நாளில் ஆறும். நிற்காவிட்டால் எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) வழியாகவே கிளிப் போட்டு அடைப்போம். குடிப்பவர்களுக்கு ஈரல் கெட்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிப்பதும் உண்டு. அது வேறு, மிக ஆபத்தானது. அது இல்லை என்று உறுதிசெய்யவும் எண்டோஸ்கோப்பி வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவமனையில் சொன்ன நாள் வரை கொடுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். மறுபடி ரத்தம், தார் போல் கறுத்த மலம், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

ரத்தத்தைக் கண்டால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். எனக்குப் பயம் வலியைப் பற்றித்தான். பலமாக வாந்தி எடுத்தவுடன் நெஞ்சில் குத்திப் பிளக்கும் வலி, மூச்சுத் திணறல், கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறப்பு என்றால், உணவுக்குழாயின் சுவரே முழுதாகக் கிழிந்திருக்கலாம் (போர்ஹாவே நோய்). ரத்தம் சொட்டுக்கூட வராமல் இருக்கலாம். ‘வாயு’ என்று சோடா கொடுப்பார்கள். குடித்தது அத்தனையும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும். வாய்வழியே தண்ணீர்கூடக் கொடுக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். 24 மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். உங்கள் கணவருக்கு அப்படி எதுவும் இல்லை.

குடியை விடச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் தினமும் குடிப்பவர் என்றால் ஒரேயடியாக நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போய், மருந்தோடு நிறுத்துங்கள்.