மூடிய கலத்தில் இஞ்சி பியர்

ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள பண்டாரவளையில், நத்தாரை முன்னிட்டு இஞ்சியும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் ஈஸ்டும் சேர்த்து இஞ்சி பியர் போடுகிறவர்களுக்கு, குளிரினால் நொதித்தல் மந்தகதியிலேயே நடக்கும் என்பதும், நொதித்ததைக் காற்றுப் படாமல் வேறு கலத்துக்கு மாற்றுவதே கைப்பக்குவத்துக்கு மெய்யான பரீட்சை என்பதும் நன்கு தெரியும். (தானியத்தில் காய்ச்சும் பியருக்கு 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் உரிமம் கேட்கும், ஆகையால் அந்த ஆசையை, 1881இல் நுவரெலியாவில் ஆலை வைத்தவர்களின் வம்சத்துக்கே விட்டுவிட்டேன்.)

மேலே ஒரு கலம், கீழே ஒரு கலம், திரவம் இறங்க ஒரு குழாய், கீழே இருக்கும் வாயு மேலே திரும்ப இன்னொரு குழாய், இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் 19 லீட்டர் கொள்ளும் எஃகுக் கலத்துக்குள் எவ்வளவு இறங்கிற்று என்பதைக் கண் காணாது. கடிகாரத்தைப் பார்த்துக் கணிப்பதும் பிரயோஜனமில்லை, ஏனெனில் மேல்மட்டம் தாழத் தாழ ஓட்டமும் தளர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் கண்ணாடிக் குழாய் பொருத்தினாலோ, நுரை ஏறி நின்று பொய்க்கணக்குச் சொல்லும்.

நிறுவை ஒன்றே இதற்குத் தக்க உபாயம், நுரை எவ்வளவு பொங்கினாலும் எடை ஏறாது அல்லவா. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் சாக்கின் எடைக்கென்று ஒரு கழிவு எடுப்பார்கள். வெறும் கலத்தைக் குழாய்களோடு சேர்த்தே தராசில் ஏற்றிக் கழிக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். குழாய் இறுக்கமாக நின்று கலத்தைத் தூக்கினாலோ அழுத்தினாலோ தராசு தடுமாறும் என்பதால், அதைத் தளர்வாக வளைத்து விடுவது அவசியம். உள்ளே அடைபட்ட காபனீரொட்சைட்டின் எடை 100 கிராமுக்குக் குறைவாதலால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எடையை லீட்டராக்க அடர்த்தி வேண்டும். ஒரு மாதிரியைக் கிண்ணத்தில் எடுத்து வாயு முழுவதும் போகும்வரை கலக்கியபின்னரே நீரமானியை இடவேண்டும். குமிழிகள் அதனைத் தாங்கிப் பிடித்து உள்ளதைவிடக் கூடிய அளவைக் காட்டிவிடும். சீனி எஞ்சியிருக்கும் என் இஞ்சி பியர் 1.03 காட்டுமானால், 18 லீட்டருக்கு ஏறத்தாழ 18.5 கிலோகிராம்; அந்த எண் வந்ததும் குழாயை அடைத்துவிடுவேன். மேலே ஒரு லீட்டர் வெற்றிடம் விடாவிட்டால் நுரை வாயுக்குழாய்க்குள் புகும்.

தராசு இல்லாதவர்கள் கலத்தின் வெளிப்பக்கம் பனித்திருக்கும் கோட்டைப் பார்ப்பார்கள். மூடுபனி வாசலுக்கு வரும் நாட்களில் கலம் முழுவதுமே ஈரமாகிவிடும் இவ்வூரில் அது எடுபடாது. பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தால், திரவமுள்ள பகுதி விரைவில் குளிர்ந்துவிட்டதையும் அதற்கு மேலே சூடு நிற்பதையும் கை உணரும்.

மேல்கலத்தையும் நிறுத்துப் பார்க்க முடியுமானால் இன்னும் நல்லது. அதில் குறைந்ததும் இதில் கூடியதும் ஒத்துவராவிடில் முதலில் குழாயில் நிற்கும் திரவத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு 50 மில்லிலீட்டர் பிடிக்கும். அதற்கும் அப்பால் வித்தியாசம் இருந்தால், மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எங்கே கிளம்புகிறதென்று தேட வேண்டியதுதான்.