மலையில் மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு

கேள்வி: ஐயா, என்னுடையது 2014 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போவோம். கடந்த நான்கு பயணங்களில் மூன்று தடவை டம்டம் பாறைப் பக்கம் ஏறும்போது மீட்டர் போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கடைசித் தடவை கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலையாக நின்றுவிட்டது. ஊர் திரும்பி இரண்டு மூன்று நாள் ஓட்டினால் தானாக அணைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். இன்னொருவர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் வண்டியில் ஒரு குறையும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சென்சாரை இப்போது வாங்காதீர்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

இந்த விளக்கு நிலையாக எரிந்தால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஏதோ ஒரு கோளாறைக் குறித்துவைத்திருக்கிறது என்று பொருள். நிதானமாக ஓட்டிக்கொண்டுபோய் அந்த வாரத்துக்குள் காட்டலாம். கண்சிமிட்டினால் அவ்வளவு அவகாசம் கிடையாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது, அதாவது வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் நிற்பது இப்படித்தான்.

மலையில் மட்டும் ஏன்? குடும்பம், பெட்டிகள், ஏசி, மேடு. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கிறீர்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறைய நுழைந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக் முனையின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. தேய்ந்துபோன பிளக்கும் அதற்கு வோல்டேஜ் தரும், இன்சுலேஷன் தளர்ந்த காயிலும் திண்டுக்கல் கடைத்தெருவில் சமாளித்துவிடும். ஏற்றத்தில், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கைவிட்டுவிடும். பட்டறையில் நியூட்ரலில் ரேஸ் செய்து பார்த்தால் அந்த லோடு வராது; கோளாறும் தலைகாட்டாது.

விளக்கு தானாக அணைவதைப் பார்த்து வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் ஈசியூ விளக்கை அணைத்துவிடும். ஆனால் குறிப்பை அழிக்காது. என்ஜின் குளிர்ந்து சூடேறும் சுற்று ஏறத்தாழ 40 முடியும்வரை அந்தக் கோளாறின் எண், அதாவது கோடு, உள்ளேயே இருக்கும். அதோடு, கோளாறு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கும். இதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். வந்து போகும் கோளாறுக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. பேட்டரி வயரைக் கழற்றியவர் கோளாறைத் தொடவே இல்லை, அந்தத் தடயத்தைத்தான் துடைத்துவிட்டார். இனி யாராக இருந்தாலும், கோடை எழுதிக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள்.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து விற்ற பிஎஸ் 4 கார்களில், கோளாறை வண்டியே கண்டறிந்து பதியும் ஓபிடி 2 ஏற்பாடு கட்டாயம். ஆகவே உங்கள் வண்டியிலும் ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் பெரும்பாலும் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் தேடுங்கள். ஸ்கேனரை மாட்டி, உறுதியான கோடு, இன்னும் உறுதியாகாத பெண்டிங் கோடு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஓர் எண் வந்தால், கடைசி இலக்கம்தான் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது. அப்போது பெட்ரோல் பம்ப் அழுத்தம், எங்காவது காற்று கசிகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

பி0303 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருந்தால், மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், அங்குள்ளதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்துவிட்டு அதே லோடோடு ஓர் ஏற்றம் ஏறிப் பாருங்கள். பி0301 வந்தால் காயில்தான் கெட்டிருக்கிறது. எண் மாறாமல் பி0303 என்றே வந்தால் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் பொருள் செலவும் கிடையாது. இதைச் செய்துபார்க்காமல் பொருளை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள் என்றே சொல்வேன்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்பட் கவர் கேஸ்கெட் இறுகிப்போய் ஆயில் கசிந்து குழியில் தேங்கியிருப்பது இந்த வயது வண்டிகளில் சாதாரணம். வாட்டர் சர்வீஸில் பானட்டைத் திறந்து பீய்ச்சியடித்த தண்ணீரும் அங்கேதான் இறங்கி நிற்கும். பிளக்கை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கார் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால், நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வயரிங்கையும் விட்டுவிடக் கூடாது. முன்பு என்னிடம் வந்த ஒரு காருக்கு வேறோர் இடத்தில் மூன்று காயில் மாற்றியிருந்தார்கள். உண்மையில், காயிலில் மாட்டும் கப்ளரின் பூட்டு உடைந்து, சாலைக் குழியில் வண்டி தூக்கிப்போடும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போய்க்கொண்டிருந்தது. என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கப்ளராக லேசாக அசைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எலி கடித்த வயர், பச்சை பூத்த எர்த் இணைப்பு எல்லாம் இந்த ரகம்தான்.

ஆக்ஸிஜன் சென்சாரைக் குறை சொன்னவர் ஸ்கேனரில் பி0171 போல ஒன்றைப் பார்த்திருக்கலாம். மிஸ்ஸிங் அடித்தால் எரியாத பெட்ரோலோடு பயன்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்து வெளியேறும். சென்சார் அதைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். சாட்சி சொல்ல வந்தவனையே திருடன் என்று பிடித்துப்போட்ட கதை அது. மிஸ்ஸிங் நின்ற பிறகும் அந்தக் கோடு வந்தால் அப்போது சென்சாரைச் சோதிக்கலாம்.

வழியில் மறுபடி விளக்கு கண்சிமிட்டினால் ஆக்ஸிலேட்டரை உடனே தளர்த்தி, ஏசியை நிறுத்தி, கியரைக் குறையுங்கள். சிமிட்டல் நிற்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்த வேண்டாம். கன்வெர்ட்டர் சூட்டில் தீப்பிடிக்கும்.

காயிலை மாற்றிப் போட்டபின் எந்த எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். சோதனைக்கு ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சிறிய ஏற்றமே போதும். கோளாறு தீரும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போக வேண்டாம்.